கண்ணாடிக்கடைச் சுவரில் ஆறு ஆணிகள்

ஒருவர் மண்டைக்குள் நீர் கட்டிக்கொண்டிருப்பதை ஸ்கேன் இல்லாமல், ஊசி இல்லாமல், சுவரில் இருந்த ஆறு ஆணி ஓட்டைகளை எண்ணியே கண்டுபிடித்தவள் இந்தப் பூமியில் நான் ஒருத்திதான். சரி, கொஞ்சம் மிகை. பூமி என்பதை எங்கள் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தேன் என்பதைச் சந்தேகப்பட்டேன் என்று வாசித்தால் போதும். ஓட்டைகள் ஆறு என்பது மட்டும் சத்தியம். அவை இன்னும் அப்படியே இருக்கின்றன. பூசி அடைக்க அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

மண்டை என் சம்பந்தியுடையது, அதாவது என் மருமகளின் அப்பா. வீட்டிலேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரிவது அவர் தயவில். அந்த மனிதர் போன வருஷம் தன் இரண்டு கண்ணையும் தானே தொலைக்கப் பார்த்தார். அதுவும் முழு ஈடுபாட்டோடு, அளந்து, நோட்டில் குறித்துவைத்து.

அவரை முதலில் பார்த்த நாளே எனக்கு ஆள் புரிந்துவிட்டது. கல்யாணப் பேச்சுக்கு வந்தவர் என் மகனைப் பார்க்கவில்லை. மகன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சென்டர் தப்பு. யார் போட்டது?" என்றார். பையன் என்ன படித்தான், என்ன வேலை, குணம் எப்படி, ஒரு கேள்வி கிடையாது. சென்டரைச் சரிபண்ணித் தருகிறேன் என்றார், பெண்ணையும் தந்தார். இன்று வரைக்கும் அவர் நினைப்பு, எங்களுக்கு அவர் செய்த பெரிய உபகாரம் அந்தச் சென்டர்தான் என்று.

உலகத்தில் பாதி வியாதி தப்பான கண்ணாடி நம்பரால் வருகிறது என்பது அவர் கொள்கை. மீதிப் பாதி? அது லூசான ஃபிரேமால். பிள்ளை படிக்கவில்லையா, நம்பர். புருஷன் பெண்டாட்டி சண்டையா, புருஷனுக்கு நம்பர். யாராவது கடைப்படி ஏறும்போதே "மைனஸ் ரெண்டு" என்று முணுமுணுப்பார். சொன்னது பலித்தால் ஒரு வாரம் பேசுவார். பலிக்காவிட்டால், சுவரில் தொங்குகிற எழுத்து அட்டையில் வெளிச்சம் பத்தவில்லை என்பார்.

அவர் மனைவி நேர் எதிர். நான் அவரை அண்ணி என்பேன், அவரும் என்னை அண்ணி என்பார். எங்களில் யார் மூத்தவள் என்ற வழக்கு இன்னும் தீராததால் இந்த ஏற்பாடு. முன்னறையில் சம்பந்தி கண்ணைச் சோதித்து நம்பர் எழுதுவார். பின்னறையில் அண்ணி லென்ஸைச் சக்கரத்தில் தேய்த்து ஃபிரேமில் மாட்டுவார். ஃபிரேம் ஸ்குரூ எள்ளைவிடச் சின்னது, கீழே விழுந்தால் கிடைக்காது என்று உதட்டுக்கு நடுவே கவ்விக்கொண்டுதான் வேலை செய்வார். ஆகையால் அவர் பேசி நான் கேட்டது குறைவு. தலையாட்டுவார், அவ்வளவுதான். நான் எழுதின இதையும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சத்தமாக வாசித்துச் சரிபார்க்கிறேன். மறுப்பிருந்தால் சொல்லட்டும். ஸ்குரூ இருக்கிறவரை எனக்குக் கவலையில்லை.

சம்பந்திக்கு முதலில் வந்தது தலைவலி. காலையில் எழுந்ததும் மண்டையை யாரோ உள்ளிருந்து தள்ளுவது போல வலி, ஒன்பது மணிக்கு மேல் குறையும். "ராத்திரி கண்ணாடி போடாம பேப்பர் படிச்சேன், அதான்" என்று ரீடிங் கண்ணாடி ஒன்று செய்துகொண்டார். அப்புறம் வாந்தி. குமட்டல் எதுவுமில்லாமல் காலையில் திடீரென்று. வயிற்று டாக்டர் அமிலம் என்றார். பிறகு நடை. கால் தரையை விட்டுக் கிளம்பவே யோசித்தது, தரையில் பசை தடவின மாதிரி. காது டாக்டர் தலைசுற்றல் என்று மாத்திரை எழுதினார். அவசரமாகச் சிறுநீர், பாதி வழியில் விபத்து. அதற்கொரு டாக்டர், அவர் புராஸ்டேட் என்றார். சாவியை வைத்த இடம் மறந்தது, வாடிக்கையாளர் முகம் மறந்தது. பொது டாக்டர் பெரிய மனசு பண்ணி, "வயசாகுதில்ல?" என்றார். ஐம்பத்தெட்டு வயசு! அந்த டாக்டருக்கே அறுபத்தாறு, தன் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே மேசையில் தேடினாராம்.

நாலு டாக்டர், நாலு உறுப்பு. இந்த நாலும் ஒரே உடம்பில் இருக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அப்படித் தோன்றாமல் பார்த்துக்கொண்டவரும் சம்பந்திதான். வயிற்று டாக்டரிடம் வயிற்றை மட்டும் சொல்வார். "அவர்கிட்ட போய் காலைப் பத்திச் சொன்னா அவருக்கு என்ன தெரியும்?" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே, பார்வை இரட்டையாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு கதவு இரண்டாக, ஒரு மனைவி இரண்டாக. வேறு யாராக இருந்தாலும் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். நம் ஆள் பூரித்துப்போனார். இதற்கென்றே அவர் தொழிலில் ஒரு வித்தை இருக்கிறதே! பிரிசம். லென்ஸை ஒரு பக்கம் தடிமனாக, ஆப்பு மாதிரி தேய்த்தால், விலகித் தெரிகிற இரண்டு உருவமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். தனக்குத் தானே அளந்து இரண்டு நம்பர் பிரிசம் போட்டுக்கொண்டார். உலகம் ஒன்றானது. ஒன்றரை மாதத்தில் மறுபடி இரண்டானது. நாலு போட்டார். பிறகு ஆறு, பிறகு எட்டு, கடைசியில் பத்து. ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினார். கண்ணாடியோ தயிர்ச்சட்டியின் அடி மாதிரி ஆகிவிட்டது. "இவ்வளவு நுணுக்கமா பிரிசம் போட இந்தச் சுத்துவட்டாரத்துல ஆள் கிடையாது" என்று என் மகனிடம் பெருமையடித்தார். நெருப்புப் பிடித்த வீட்டில் புகை தெரியாமலிருக்க ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தவருக்குப் பெருமை வேறு. என் மகன், படித்த மூடன், "சூப்பர் மாமா" என்றானாம்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் புதுக்கண்ணாடி வந்தது. என் வலது கண் மைனஸ் ஐந்து, இடது கண் மைனஸ் ஒன்று. வட்ட ஃபிரேம்தான் எனக்குப் பிடிக்கும். போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படிக்கட்டு சறுக்குமரமாக இருந்தது. எதிர்வீட்டு நாயிடம் "சௌக்கியமா?" என்று கேட்டேன். கொடியில் காய்ந்த சட்டையைத் தபால்காரர் என்று நினைத்துக் கால்மணி நேரம் திட்டினேன். (ஐந்து நிமிஷம் இருக்கும்.) நேரே கடைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்னென்ன கேட்கலாம் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

"என்ன சம்பந்தி, கண்ணாடி கேட்டா கண்கட்டு வித்தை பண்ணி அனுப்பியிருக்கீங்க? உங்க பொண்ணை எங்க வீட்டுக்கு அனுப்பினதுக்கு இது பழியா?"

"நம்பர் தப்பாகாது சம்பந்தியம்மா. உங்க பார்வைதான் மாறியிருக்கும். உக்காருங்க, அட்டையைப் படிங்க."

உட்கார்ந்தேன். அட்டையைக் காணோம். வழக்கமாக அது எதிர்ச்சுவரில், நின்றவர் தலைக்கும் மேலே தொங்கும். இப்போது என் முழங்கால் உயரத்தில் இருந்தது. குழந்தைகள் சுவரில் கிறுக்குகிற இடம். அதற்கு மேலே, ஒரு சாண் ஒரு சாணாக, ஆணி அடித்துப் பிடுங்கின ஓட்டைகள் வரிசையாக. எண்ணினேன். அட்டை இப்போது தொங்குகிற ஆணியோடு சேர்த்து ஆறு.

"அட்டை ஏன் சம்பந்தி கீழே இறங்கி வந்துடுச்சு? கடைக்கு எலிங்கதான் இப்ப கஸ்டமரா?"

அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது எப்பவும் அங்கேதானே இருக்கு?"

பச்சைப் பொய். ஆணி அடித்த கை தன் கை, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. குடையை நீட்டி மேலே இருந்த முதல் ஓட்டையைக் காட்டினேன். "அங்க பாருங்க. அது என்ன? மரங்கொத்தி வந்து கொத்தினதா?"

அவர் கண் மேலே போகவில்லை. மேல்நோக்கிக் கண்ணை உருட்டப் பார்க்கிறார், கருவிழி நடுவிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. கண் போகாததால் முகத்தையே தூக்கினார். முகம் தூக்கினதும் உடம்பு பின்னால் சாய்ந்தது. விழுந்தே விட்டார் என்று நான் கத்துவதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் வந்துவிட்டது. அண்ணி. வாயில் ஸ்குரூ, கையில் ஸ்டூல். சரியான இடத்தில், சரியான நொடியில். சம்பந்தி அதில் உட்கார்ந்து, உட்காரத்தான் நினைத்திருந்தவர் போல, "வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்றார்.

குடையை இறக்கினேன். கோபம் போய்விடவில்லை. கோபத்துக்கு அடியில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"கண் டாக்டர்கிட்ட போகலாம், எழுந்திரிங்க."

"நானா? அந்தம்மா எழுதுற சீட்டுக்கு இருபது வருஷமா கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவன் நான். நான் போய் அவங்க முன்னாடி தாடையை வைச்சு உக்காரணுமா?"

"உங்களுக்கு இல்ல சாமி. எனக்கு. என் கண் தப்பா, நீங்க போட்ட கண்ணாடி தப்பான்னு அந்தம்மா வாயால வரட்டும். தைரியமிருந்தா கூட வந்து நில்லுங்க."

தைரியமிருந்தா என்ற வார்த்தைக்கு அவர் எழுந்தார். அண்ணி ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டு, அந்த பிரிசம் நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வாயில்லாப் பூச்சி, கூட்டத்தோடு கூட்டமாக வருகிறது என்று நினைத்தேன்.

கண் டாக்டர் என் கண்ணாடியை லென்ஸ் பார்க்கிற கருவியில் வைத்தார். சிரித்தார். "நம்பர் சரியா இருக்கு. வலதும் இடதும் மாறி மாட்டியிருக்கு."

"பார்த்தீங்களா! நம்பர் சரி! நம்பர் சரி!" என்று சம்பந்தி கையைத் தூக்கினார், தள்ளாடினார், மேசையைப் பிடித்தார். மாற்றி மாட்டினது எந்தக் கடை என்ற வெட்கம் துளியும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் இப்போது என்னைப் பார்க்கவில்லை.

"உங்க கண்ணாடியைக் கழட்டுங்க."

கழற்றினார். டாக்டர் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பிரிசம் யார் போட்டது?"

"நான்தான் மேடம். பத்து. ஃபினிஷிங் பாருங்க."

"எப்ப இருந்து?"

அண்ணி நோட்டை நீட்டினார். டாக்டர் ஒவ்வொரு தேதியாகப் படித்தார். இரண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து. "இது லென்ஸ் கணக்கு இல்லைங்க. உங்க நோய் எவ்வளவு வேகமா வளர்ந்துச்சுன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க" என்றார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு கண்ணிலும் பார்வை நரம்பு வீங்கியிருக்கு. கண்ணில கோளாறு இல்ல. தலைக்குள்ள அழுத்தம். இன்னிக்கே ஸ்கேன் எடுக்கணும், நாளைக்கு இல்ல. இந்த அழுத்தம் இப்படியே இருந்தா நரம்பு செத்துடும். அப்புறம் எந்த லென்ஸும் பிரயோஜனம் இல்ல."

முதல்முறையாக சம்பந்தி வாயை மூடினார். அந்த நிசப்தத்தைக் கேட்க நான் எட்டு வருஷம் காத்திருந்தேன். கிடைத்தபோது சந்தோஷமாக இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளை அறுவை டாக்டர் குள்ளமான மனிதர், அவசரமே இல்லாத குரல். படத்தை விளக்குப்பலகையில் மாட்டி, மருமகளுக்கும் எங்களுக்கும் சொன்னார். மூளைக்குள் நாலு நீர் அறைகள். தினமும் அரை லிட்டர் அளவுக்கு நீர் உள்ளே ஊறி, அறை அறையாக இறங்கி, வெளியே வந்து ரத்தத்தில் கலக்கிறது. மூன்றாவது அறையிலிருந்து நாலாவதுக்குப் போகும் வழி நூல் அளவுதான். "மேல மூணு அறையும் பலூன் மாதிரி ஊதியிருக்கு, நாலாவது மட்டும் சாதாரணமா இருக்கு. அப்ப அடைப்பு எங்க?" என்று மருமகளையே கேட்டார். அவள் விரல் வைத்த இடம் சரி. கட்டி ஏதாவது அமுக்குகிறதா என்று அடுத்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். கட்டி இல்லை. அந்த நூல் வழியில் மெல்லிய சவ்வு ஒன்று. பிறவியிலேயே குறுகலாக இருந்து, இத்தனை வருஷம் எப்படியோ சமாளித்து, இப்போது மூடிக்கொண்டிருக்கிறது.

"சின்ன வயசுல தலை பெருசா இருக்கும்னு சொல்வாங்களா?"

சொல்வார்களாவா! அந்தக் குடும்பத்தில் அது பெருமையல்லவா. 'எங்க அண்ணனுக்கு மண்டை பெருசு, மூளை அத்தனை' என்று அவர் தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கடையில் இருக்கிற ஃபிரேம் எதுவும் போதாமல் அவருக்கு மட்டும் காதுக்கம்பியைச் சூடாக்கி இழுத்து மாட்டுவார்கள். மூளையாம். உள்ளே இருந்தது தண்ணீர்.

அங்கே ஒரு டியூட்டி டாக்டர், நேற்றுத்தான் கோட்டு தைத்துப்போட்ட மாதிரி இருந்தவர், முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். குள்ள டாக்டர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "மேல அடைச்சிருக்கும்போது கீழ எடுத்தா, மேல இருக்கிற அழுத்தம் மூளையையே கீழ தள்ளிடும். ஊசியை உள்ள வைங்க." அவர் ஊசியை உள்ளே வைத்தார். நானும் என் கேள்விகளை உள்ளே வைத்துக்கொண்டேன், சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

வைத்தியம் இதுதான். நெற்றிக்கு மேலே முடிக்குள் விரல் நுனி அளவு ஓட்டை போட்டு, கேமரா வைத்த குழாயை முதல் அறை வழியாக மூன்றாவது அறைக்கு இறக்குவார்கள். அதன் தரை காகிதம் போல மெலிசு. அதில் துளை போட்டு, சின்ன பலூனால் அகலப்படுத்துவார்கள். அடைத்த வழியைத் தொடுவதேயில்லை, நீர் புதுவழியில் போய்விடும். அது சரிப்படாவிட்டால், தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்து இறக்குவார்கள்.

கையெழுத்துப் போடும் முன் சம்பந்திக்குச் சந்தேகம். உயிர் பற்றியா? கிடையாது.

"டாக்டர், அந்தக் குழாய் முனையில லென்ஸ் என்ன கோணம்?"

"முப்பது டிகிரி."

"ஓரம் வளைஞ்சு தெரியுமே?"

"தெரியும். பழகிடுச்சு."

"உள்ள விடறதுக்கு முன்னாடி துடைச்சுக்கோங்க. விரல் படாம."

டாக்டர் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, "கண்டிப்பா" என்றார். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்குரூ இல்லாத உதடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்தது ஒன்றரை மணி நேரம். வெளியே எங்களுக்கு ஒன்றரை வருஷம். இதில் மிகையில்லை.

மறுநாள் காலையில் அவருக்குத் தலைவலி இல்லை. கண் விழித்ததும் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்து, "இறக்கை தூசி" என்றார். கண் மேலே போய்விட்டது என்பதே எங்களுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு வாரத்தில் கால் தரையை விட்டது. சிறுநீர் அடங்கியது. மறதி கொஞ்சம் மிச்சம், தனக்கு வசதிப்படாததை மறக்கும் திறமை அவருக்கு முன்பே உண்டு. பிரிசத்தை எட்டு, நாலு, இரண்டு என்று இறக்கி, பிறகு எடுத்தே விட்டார்கள். இடது கண்ணின் வெளி ஓரத்தில் ஒரு துண்டு பார்வை மட்டும் திரும்பவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து நான் வந்தால் தெரிவதில்லை என்கிறார், சந்தோஷமாக. அந்தத் துளை மறுபடி மூடிக்கொள்ளவும் கூடும், தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் என்று எது வந்தாலும் அன்றே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். "கண்ணாடி மாத்திப் பார்த்துட்டு வராதீங்க" என்றும் சொன்னார்.

அட்டை பழைய இடத்துக்கு, முதல் ஆணிக்கு, போய்விட்டது. ஆக, திருட்டுத்தனமாக அட்டையை இறக்கி இறக்கி ஊரை ஏமாற்றின ஒரு கர்வக்காரரை, கண்ணாடியை இடம் வலம் தெரியாமல் மாட்டி அவரே மாட்டிக்கொண்ட தருணத்தில், என் வாயாலும் குடையாலும் இழுத்துக்கொண்டு போய்க் கண்ணைக் காப்பாற்றியவள் நான் என்று இதை முடிக்கலாம்.

இப்படி வாசித்து நிறுத்தினேன். அண்ணி உதட்டிலிருந்து ஸ்குரூவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஆணி அடிச்சது அவர் இல்ல அண்ணி, நான். மேல பார்த்தா விழறார்னு, அவர் குளிக்கப் போற நேரமா பார்த்து ஒரு சாண், ஒரு சாண் இறக்கினேன். அவருக்குத் தெரியவே தெரியாது, அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய் இல்ல. டாக்டர்கிட்ட போகலாம்னு நான் மூணு தடவை சொன்னேன், உனக்குக் கண்ணைப் பத்தி என்ன தெரியும்னார். ஆறாவது ஆணிக்குக் கீழ சுவரும் இல்ல. அதான் உங்க லென்ஸை வலது இடதா மாத்தி மாட்டினேன். நீங்க கத்திக்கிட்டு வருவீங்கன்னு எனக்குத் தெரியும்."